வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிரஜாவுரிமை: பெற்றோர் தவறவிடும் ஒரு வருடம்

பத்தாம் தரத்து மாணவர்களின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பப் படிவங்களை நிரப்பி அதிபரிடம் ஒப்படைக்கும் வேலை ஒவ்வொரு வருடமும் வகுப்பாசிரியர்களின் தலையில்தான் வந்து விழும். 2016 ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 15 வயது பூர்த்தியானவர்கள் அடையாள அட்டை பெற வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் இந்த வேலையைப் பின்போட முடியாது.

சில வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு மாணவன் மட்டும் படிவத்தை வாங்கிக் கொண்டுபோய் ஒரு வாரமாகத் திருப்பித் தரவில்லை. பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தது அரபியில் அச்சிடப்பட்ட ஒரு பிறப்புச் சான்றிதழ். பிள்ளை பிறந்தது சவூதியின் தபூக் நகரில். "இது காணும்தானே சேர்?" என்று கேட்டார். காணாது. வெளிநாட்டில் பிறந்த ஒருவருக்கு அடையாள அட்டை கிடைக்க வேண்டுமென்றால் அவரது இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும். அப்படியொரு சான்றிதழ் இருப்பதே அந்தத் தாய்க்கு அன்றுதான் தெரியும்.

தாயும் தந்தையும் இலங்கையர். நான்கு தலைமுறையாக ஊரில் மையவாடியும் காணியும் உள்ள குடும்பம். ஆனால் கடதாசியின்படி அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியவன் அல்ல. இதை நான் ஒரு தடவை மட்டும் கண்டிருந்தால் எழுத வந்திருக்க மாட்டேன். நான் சட்டத்தரணி அல்ல. படிவங்களோடு அலைந்து திரிந்ததில் தெரிந்து கொண்டவற்றையும், சட்டத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து இங்கு தருகிறேன்.

பிறந்த மண் அல்ல, பெற்றவர்களே கணக்கு

அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கப் பிரஜை. இலங்கையில் அப்படி இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இரண்டு வழிகளை மட்டுமே வைத்திருக்கிறது. ஒன்று வம்சாவழி, மற்றது பதிவு. இந்த நாட்டின் ஆஸ்பத்திரியில் பிறந்தது மட்டுமே ஒருவரைப் பிரஜையாக்காது. இதற்கு உள்ள ஒரேயொரு விலக்கு, பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்ட நிலையில் இங்கு கண்டெடுக்கப்படும் சிசுவுக்கானது.

அந்தச் சட்டம் எதற்காக அப்படி எழுதப்பட்டது என்பது தெரிந்த கதை. மலையகத் தோட்டங்களில் உழைத்த மக்களை வெளியே நிறுத்துவதற்காகவே வம்சாவழி நிபந்தனை அவ்வளவு இறுக்கமாக்கப்பட்டது. முன்னோர் இங்கு பிறந்ததற்கான அத்தாட்சியைத் தோட்டத் தொழிலாளி எங்கே தேடுவது? 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. அதன் பெயரிலுள்ள 'பாகிஸ்தானிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்திய உபகண்டத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம்களையும் தொட்ட விடயம் இது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் பெரும்பாலானோரை இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்வதாக எழுதியது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துடன்தான் பெருமளவுக்குத் தீர்ந்தது. கடதாசி இல்லாமல் போனால் ஒரு சமூகத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டில் உதாரணம் தேடத் தேவையில்லை.

அதே 2003 ஆம் ஆண்டில் நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை வம்சாவழி என்றால் தந்தை வழி மட்டும்தான். இலங்கைப் பெண் ஒருவர் வெளிநாட்டவரை முறையாகத் திருமணம் செய்து பெற்ற பிள்ளைக்குத் தாயின் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. ஆனால் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிரஜாவுரிமை கிடைத்தது! முறையாக நிகாஹ் செய்தவள் நட்டமடைந்தாள் என்றால் நம்புவது கஷ்டம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'தந்தை' என்ற இடத்தில் பெற்றோரில் எவரேனும் ஒருவர் என்று மாற்றியது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் அங்கேயே எகிப்தியரையோ பாகிஸ்தானியரையோ மணந்து பிள்ளைகளுடன் ஊர் திரும்பிய சகோதரிகளுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை. "வாப்பா வெளிநாட்டுக்காரர், அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கிராமத்தில் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வீட்டிலேயே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

5(2) ஆம் பிரிவு

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு நிபந்தனைகள். பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்தப் பிறப்பு, பிறந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அல்லது இலங்கையில் உரிய அமைச்சரின் அலுவலகத்திலோ பதியப்பட வேண்டும். இலங்கையில் என்றால், நடைமுறையில் அது பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இடம் தெரியாமல் இருக்க நியாயமில்லை. ரியாத், அபூதாபி, தோஹா, குவைத், மஸ்கட், மனாமா ஆகிய இடங்களில் தூதரகங்கள் உள்ளன. ஜித்தாவிலும் துபாயிலும் துணைத் தூதரகங்கள் உள்ளன. ஆனால் தூரம் ஒரு பிரச்சினைதான். தபூக்கிலிருந்து ஜித்தாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். கபீலிடம் லீவு கேட்டு, பச்சைக் குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் போய் ஒரு நாள் வர வேண்டும். "ஊருக்குப் போகும்போது பார்ப்போம்" என்று அந்த வாப்பா நினைத்ததை என்னால் முழுமையாகக் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது, ஒருவழிப் பயணத்துக்கான தற்காலிக ஆவணத்துடன் தாயும் மகனும் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு யாருக்கும் அது ஞாபகம் இல்லை. பாடசாலையில் சேர்ப்பதற்கு அந்த அரபுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பே போதுமாக இருந்தது. பதினைந்து வயது வரை ஒரு கதவும் மூடவில்லை என்பதால் யாரும் தேடவில்லை.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கொன்சியூலர் பணிகள் சட்டத்தின் கீழ் தூதரகம் வழங்கும் பிறப்புச் சான்றிதழ் வேறு, பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேறு. முதலாவது, பிள்ளை பிறந்தது என்பதற்கான அத்தாட்சி. இரண்டாவது, பிள்ளை யாருடையது என்பதற்கல்ல, எந்த நாட்டுக்குரியது என்பதற்கான அத்தாட்சி. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் கேட்கப்படுவது இரண்டாவதே. தூதரகத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே செய்துகொண்டு வர வேண்டும்.

ஒரு வருடம் தவறிப்போனால்? இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே பிரிவிலேயே, தகுந்த காரணம் காட்டப்பட்டால் அமைச்சர் காலத்தை நீடிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பத்து வருடம் தாமதித்தாலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கூடும், கேள்விகள் கூடும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் கதவு அடைக்கப்படவில்லை. தாமதத்துக்கான காரணத்தை ஒளிக்காமல், உள்ளதை உள்ளபடி சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுப்பதே நல்லது. திணைக்களத்தைச் சுற்றி நடமாடும் தரகர்கள் சொல்லித் தரும் கதைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நேர்முகத்தில் தாய் ஒன்றும் தந்தை ஒன்றும் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நிகாஹும் பெயரும்

இந்தக் கோவைகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது திருமணச் சான்றிதழ்.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, பதியப்படவில்லை என்பதற்காக ஒரு நிகாஹ் செல்லுபடியற்றதாகி விடாது. நம்மவர்களுக்கு இந்த வரி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை மறந்துவிடுகிறோம். ஊரில் வலியும் சாட்சிகளும் இருந்தால் போதும். விஸா அதிகாரியின் மேசையில் போதாது. கணவர் ரியாதிலிருந்து குடும்ப விஸா எடுப்பதற்கும், பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிவதற்கும், பிறகு ஒருநாள் இங்கிலாந்திலுள்ள கணவனிடம் மனைவி போவதற்கும் முதல் ஆவணம் அந்தச் சான்றிதழ்தான். வளைகுடா நாடுகளில் திருமண ஆவணம் இல்லாமல் ஆஸ்பத்திரிப் பதிவையே பிறப்புச் சான்றிதழாக மாற்ற முடியாமல் தவித்தவர்கள் உண்டு. அங்கேயே நிகாஹ் செய்தவர்கள் அந்நாட்டு நீதிமன்ற ஆவணத்தைப் பெற்று, அந்நாட்டு வெளிநாட்டமைச்சிலும் நமது தூதரகத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டுதான் புறப்பட வேண்டும். திரும்பி வந்த பிறகு இங்கிருந்துகொண்டு அதைச் செய்வது பகீரதப் பிரயத்தனம்.

2017 ஜூலையில் சவூதி அரசு, தங்கியிருக்கும் ஒவ்வொரு குடும்ப அங்கத்தவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் அறிமுகப்படுத்தி, 2020 இல் அதை 400 ரியால் வரை உயர்த்தியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு அது மாதம் 1,600 ரியால். குடும்பங்கள் அவசர அவசரமாக ஊருக்கு அனுப்பப்பட்ட காலம் அது. பிரிட்ஜும் கார்ப்பட்டும் கார்கோவில் வந்து சேர்ந்தன. ஆவணங்கள் அங்கேயே யாரோ ஒரு நண்பரின் அறையில் கிடந்தன. பிரஜாவுரிமைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். அரபு நாட்டு ஆவணங்கள் தொலைந்திருந்தால் அந்நாட்டு அலுவலகங்களின் தயவில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெயர். தகப்பனின் அடையாள அட்டையில் 'மொஹமட்', கடவுச்சீட்டில் 'முஹம்மத்', திருமணச் சான்றிதழில் வெறும் 'எம்'. அரபுச் சான்றிதழ் பெயரை நான்கு துண்டாக எழுதும்: சொந்தப் பெயர், தந்தை, பாட்டன், குடும்பம். நமது முதலெழுத்து முறை அதற்குள் அடங்காது. ரிஸ்வான் அரபிக்குப் போய்த் திரும்பி வரும்போது ரித்வான் ஆகிவிடுவார். என்னிடம் வந்த ஒரு கோவையில் ஒரே தகப்பனார் ஐந்து ஆவணங்களில் நான்கு பெயரில் இருந்தார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆள் என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார், அதில் அவர் மீது பிழை இல்லை. எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் சான்றையும் இணைத்து, பதிவு பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பெயரைப் பிள்ளை பிறந்த அன்றே கடவுச்சீட்டிலுள்ள எழுத்துப்படி எழுதுவித்தால் இந்தச் செலவெல்லாம் இல்லை.

வெளிநாட்டு மருமகன் அல்லது மருமகள் பற்றியும் ஒரு சொல். இலங்கையரை மணந்த வெளிநாட்டவர் முதலில் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வதிவிட விஸா பெற்று, அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்து வாழ வேண்டும். விண்ணப்பிக்கும் திகதிக்கு முன்னதாக ஒரு வருடம் தொடர்ந்து இங்கு வசித்த வாழ்க்கைத் துணை பதிவு மூலம் பிரஜாவுரிமை கோரலாம். ஆனால் சொந்த நாட்டுப் பிரஜாவுரிமையைத் துறக்க வேண்டிவரும். இது உரிமை என்பதைவிட அமைச்சரின் அனுமதி என்றே விளங்கிக்கொள்ள வேண்டும். அகதியாக வருபவர்களுக்கு இந்த வழிகளும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை இணையவில்லை. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையோரம் படகில் வந்த ரோஹிங்யர்களுக்கு இங்கே ஒரு பிள்ளை பிறந்தாலும் அது இலங்கைப் பிரஜையாகாது.

போனவர்கள் இழப்பது

இனி மறுபக்கம். வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் பிரஜாவுரிமை சாதாரணமாகக் கிடைக்காது. 2019 இல் வந்த சவூதியின் பிரீமியம் இகாமாவும் அமீரகத்தின் கோல்டன் விஸாவும் நீண்ட கால வதிவிடம்தான், பிரஜாவுரிமை அல்ல. ஆகவே அங்கு போனவர் இலங்கையராகவே திரும்புகிறார்.

இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா போனவர்களின் கதை வேறு. இங்கிலாந்தில் இதுவரையான வழக்கம், தகுதியான வேலை விஸாவில் ஐந்து வருடம் இருந்து நிரந்தர வதிவிடம் பெற்று, பிறகு ஒரு வருடம் கழித்துப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பது. அந்த ஐந்தைப் பொதுவாகப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாதத்தில் பிரித்தானிய அரசு வெளியிட்டது. எந்த நாடாக இருந்தாலும், அந்நாட்டுப் பிரஜையாகச் சத்தியப்பிரமாணம் செய்யும் நாளில், 20 ஆம் பிரிவின்படி இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடுகிறது. யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். பழைய இலங்கைக் கடவுச்சீட்டு கையில் இருப்பதால் இன்னும் இலங்கையர் என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் ஏராளம்.

இதற்கான பரிகாரம் இரட்டைப் பிரஜாவுரிமை. 1987 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தத்துடன் வந்த ஏற்பாடு இது. 19 ஆம் பிரிவில் இரண்டு வழிகள் உள்ளன. இழந்தபின் மீளப் பெறுவது ஒன்று. இழக்கும் முன்னரே விண்ணப்பித்துத் தக்கவைத்துக்கொள்வது மற்றது. 55 வயதைக் கடந்தவர்கள், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர்கள், இங்கே 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்துள்ளவர்கள் என்று பல வகைகளில் விண்ணப்பிக்கலாம். 2011 இல் இது நிறுத்தப்பட்டு 2015 இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. எப்போதும் இருக்கும் என்று எண்ணித் தள்ளிப் போடுபவர்கள் அந்த நான்கு வருடங்களை நினைத்துக்கொள்வது நல்லது.

இது உணர்வு பற்றிய விடயம் மட்டுமல்ல. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி உடைமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடை செய்கிறது. மரணத்தின்பின் வாரிசாக நெருங்கிய உறவினருக்கு வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைப் பிரஜைகளுக்கும் விலக்கு உண்டு. மெல்போர்னிலிருந்து வந்து ஊரில் பக்கத்து வளவை விலைக்கு வாங்க நினைக்கும் சகோதரர், நொத்தாரிசிடம் போகும் முன் தன்னுடைய நிலை என்னவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். பினாமி பெயரில் எழுதி வைத்துவிட்டு மச்சானோடு வழக்காடும் கதைகள் நம் ஊர்களில் புதிதல்ல. பாராளுமன்றக் கதிரை மட்டும் இரட்டைப் பிரஜைக்கும் இல்லை. 19 ஆவது திருத்தம் தடுத்தது, 20 ஆவது திறந்துவிட்டது, 2022 இல் 21 ஆவது மீண்டும் மூடியது. கீதா குமாரசிங்க 2017 இல் ஆசனத்தை இழந்தார். 2024 மே மாதம் டயானா கமகே, பிரித்தானியப் பிரஜாவுரிமை தொடர்பான வழக்கில், ஆசனம் வகிக்கத் தகுதியற்றவர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. பிறப்பினால் தானாகவே வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடைத்த பிள்ளை, 5(2) இன் கீழ் இலங்கையராகப் பதியப்பட்டாலும், 22 வயதை அடையும்போது மற்றதைத் துறக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறது. நிரந்தர வதிவிடமுள்ள பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பிள்ளைக்கும், எகிப்தியத் தகப்பனுக்குப் பிறந்து அக்குறணையில் வளரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். 22 வயதுக்கு முன்னரே ஒன்றைத் துறப்பதா அல்லது இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பதா என்று குடும்பம் தீர்மானிக்க வேண்டும். பிள்ளை பிறக்கும் முன்பே தகப்பனும் தாயும் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்திருந்தால் 5(2) க்கே இடமில்லை. அப்போது பெற்றோரின் இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு, திருமணமாகாத 22 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் வழிதான் உண்டு.

என் மாணவனின் விடயத்தில், தகப்பனின் பழைய கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. பிள்ளை பிறந்த திகதியில் அவர் சவூதியில் இருந்ததைக் காட்டும் முத்திரை அதில் இருந்தது. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, தாமதத்துக்கான சத்தியக்கடதாசி, அதிபரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையாக்கி உம்மாவே பத்தரமுல்லைக்குக் கொண்டு போனார். முதல் தடவை பெயர் வித்தியாசத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் வர ஏழு மாதம் சென்றது. அடையாள அட்டை பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னர் வந்தது.

அதைக் காட்டுவதற்காக வந்திருந்தபோது, கட்டாரிலுள்ள தன் தங்கைக்கு நான்கு மாதக் குழந்தை இருப்பதாக உம்மா சொன்னார். கோவையிலிருந்த ஆவணங்களின் பட்டியலைப் போட்டோ எடுத்து அன்றிரவே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம்.